அவசர சிகிச்சையில் காத்திருப்பு: கம்பம் பள்ளத்தாக்கின் நேரக் கணக்கு

நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அவருக்கு வேண்டிய சிகிச்சை தொடங்கும் வரை ஆகும் நேரத்தைக் காத்திருப்பு நேரம் என்கிறார்கள். உலகெங்கும் மருத்துவ நிர்வாகிகள் இதை மருத்துவமனை வாசலிலிருந்து கணக்கிடுகிறார்கள். மலையும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் தேனி மாவட்டத்துக்கு அந்தக் கணக்கு போதாது. கூடலூர் வயலில் பாம்பு கடித்த விவசாயிக்குக் காத்திருப்பு கடிபட்ட அந்த நொடியே தொடங்கிவிடுகிறது. வண்டி வரும் வரை ஒரு காத்திருப்பு. முதலில் சேரும் மருத்துவமனையில் மற்றொன்று. அங்கிருந்து ‘ரெஃபர்’ செய்தால் வழிநெடுக இன்னொன்று. பெரிய மருத்துவமனைக்குப் போன பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வார்டில் படுக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போவது கொஞ்ச நேரம்தான் என்று தோன்றும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உயிர் ஏன் போனது, ஏன் பிழைத்தது என்பது விளங்கும்.

ஒரே சாலை, ஒரே திசை

மேற்கே கேரள எல்லை மலைகளுக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் விளையும் பூமி இது. லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி ஆகிய ஊர்களை ஒரே சாலை கோத்துச் செல்கிறது. திண்டுக்கல்லிலிருந்து குமுளி வழியாகக் கேரளம் போகும் தேசிய நெடுஞ்சாலை 183தான் அது. நெல் ஏற்றிய டிராக்டர், தோட்டத் தொழிலாளர் ஜீப், சுற்றுலா வேன், சபரிமலை பக்தர்களின் கார், ஆம்புலன்ஸ் எல்லாம் இந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கின்றன. கார்த்திகையிலிருந்து தை வரை பக்தர்களின் வண்டிகள் பெருகுவதால், போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் காவல்துறை திருப்பிவிடுவது வழக்கம்.

மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிந்து உருவான தேனி மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி 12 லட்சத்து 45 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அரசு மருத்துவ வசதி இங்கே படிப்படியாக அமைந்திருக்கிறது. கிராமங்களில் துணைச் சுகாதார நிலையங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி போன்ற ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, தேனியிலிருந்து மதுரை போகும் சாலையில் க.விலக்கில் இருக்கிறது அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2000களின் நடுப்பகுதியில் அந்தக் கல்லூரி வருவதற்கு முன்பு, கடுமையான காயமோ மாரடைப்போ என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். தேனியிலிருந்தே அது சுமார் 75 கிலோமீட்டர். கம்பத்துக்காரருக்கு நூறைத் தாண்டிவிடும்.

க.விலக்கு மருத்துவமனை அந்தத் தொலைவைப் பெருமளவு குறைத்தது. ஆனால் அது மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் பெரிய ஊர்கள் தென்மேற்கில் இருக்கின்றன. கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து க.விலக்குக்கு மேலும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். குமுளி எல்லையில் விபத்து நடந்தால் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் சேரும். வருசநாடு, கடமலைக்குண்டு மக்களுக்குக் க.விலக்கு பக்கம்தான், அவர்களுக்கு மலைப்பாதைதான் தடை. மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. போடிமெட்டுச் சாலையிலும் 17 வளைவுகள் உண்டு. பெரியகுளம் பக்கத்து அகமலை ஊராட்சியில் உள்ள சின்னூர், பெரியூர் போன்ற குக்கிராமங்களிலிருந்து நோயாளியையும் கர்ப்பிணியையும் டோலி கட்டித் தூக்கி வந்த செய்தி மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. அங்கே ஆம்புலன்ஸ் சாலை முடியும் இடத்தில் நிற்கிறது. நோயாளி அந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள்ளேயே மணிக்கணக்கில் ஆகிவிடுகிறது.

108இன் கணக்கு

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அழைப்பு சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். அங்கிருந்து பக்கத்தில் நிற்கும் வண்டி அனுப்பப்படும். வண்டியில் ‘பைலட்’ எனப்படும் ஓட்டுநரும் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் வருவார்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் இது இலவசம். இந்தச் சேவை வருவதற்கு முன்பு, அடிபட்டவரை டாக்சியிலோ டெம்போவிலோ தூக்கிப் போட்டுக் கொண்டுபோனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் 108 வண்டிகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வீட்டிலிருந்தும் சாலையிலிருந்தும் நோயாளியை எடுத்துவருவது ஒன்று. சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது மற்றொன்று. கம்பத்தில் நிற்கும் வண்டி ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு க.விலக்குக்குப் போய், அங்கே ஒப்படைத்துவிட்டுத் திரும்ப நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஓட்டத்தோடு, அங்கே ஸ்ட்ரெச்சர் காலியாகும் வரை நிற்கும் நேரமும் சேரும். இரண்டு மூன்று மணி நேரம் அந்த வண்டி கம்பத்துக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் கம்பத்தில் மற்றொருவர் சுருண்டு விழுந்தால், உத்தமபாளையத்திலிருந்தோ சின்னமனூரிலிருந்தோதான் வண்டி வந்தாக வேண்டும். தேவையில்லாமல் செய்யப்படும் ஒவ்வொரு ரெஃபரும், முகம் தெரியாத இன்னொருவரின் காத்திருப்பை நீட்டுகிறது.

முன்னால் வந்தவரா, முடியாதவரா?

அவசர சிகிச்சைப் பிரிவில் வரிசை கிடையாது. பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கொண்டுபோகும்போது கூடியிருப்பவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அங்கே நடப்பது ‘டிரையேஜ்’ எனப்படும் தரம்பிரிப்பு. யாருடைய உயிருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு முதலிடம் கொடுக்கும் முறை அது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வீரர்களுக்குச் சிகிச்சை தந்தார். போர்க்களத்தில் பிறந்த அந்த நெறியே இன்று எல்லா நாட்டு மருத்துவமனைகளிலும் நிலைத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நோயாளிகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலைக்கு உடனடியாகவும் இரண்டாம் நிலைக்கு 10 நிமிடத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும். அடுத்த மூன்று நிலைகளுக்கு முறையே 30, 60, 120 நிமிடங்கள் எல்லை. தமிழ்நாட்டில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் 2010களின் பிற்பகுதியில் வந்தபோது, அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரிக்கும் முறை வேரூன்றியது. மூச்சுத் திணறல், நினைவிழப்பு, நிற்காத ரத்தப்போக்கு, வலிப்பு போன்றவை சிவப்பு. உடனடி ஆபத்து இல்லாவிட்டாலும் விரைவில் மோசமாகக்கூடியவை மஞ்சள். நடந்து வரக்கூடியவர், சிறு வெட்டுக்காயம், இரண்டு நாள் காய்ச்சல் போன்றவை பச்சை. வாசலிலேயே நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், நினைவு நிலை ஆகியவற்றைச் செவிலியர் குறித்துக்கொண்டு நிறத்தைத் தீர்மானிக்கிறார்.

இந்த முறையில் பச்சை நிறக்காரர் இரண்டு மணி நேரம் காத்திருப்பது குற்றமில்லை. சிவப்பு நிறக்காரர் பத்து நிமிடம் காத்திருந்தால் அது பெருங்குற்றம். எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துச் ‘சராசரி காத்திருப்பு’ என்று ஓர் எண்ணைச் சொல்வதில் அதனால்தான் பொருளில்லை. பச்சைக்காரரையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. காய்ச்சல் என்று உட்கார்ந்திருந்த குழந்தைக்கு வலிப்பு வரலாம். வயிற்றுவலி என்றவருக்கு ரத்த அழுத்தம் சரியலாம். குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடியும் பார்த்து நிறத்தை மாற்றுவதும் டிரையேஜின் ஒரு பகுதியே. கூட்டம் நெரியும் இரவுகளில் முதலில் கைவிடப்படுவது இந்த மறுபரிசோதனைதான்.

கூட்டம் ஏன் சேர்கிறது?

அவசரப் பிரிவில் கூட்டம் சேர மூன்று காரணங்கள் உண்டு: வருவோர் பெருகுவது, உள்ளே வேலை மெதுவாக நடப்பது, வெளியேற வழி அடைபடுவது.

முதல் காரணத்துக்கு இந்தப் பகுதியின் பிழைப்பு முறையோடு தொடர்பு உண்டு. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், விடியுமுன் ஜீப்பேறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். பொழுது சாயும்போதுதான் திரும்புகிறார்கள். அரசு மருத்துவமனையின் காலை ஓ.பி. நேரம் அவர்களுக்கு எட்டாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓ.பி. சீட்டுக்கு நிற்க முடியாதவர், காய்ச்சலோடும் சர்க்கரையோடும் இரவில் அவசரப் பிரிவுக்குத்தான் வருவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு ஏற்ற நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருந்தால், பச்சை நிறக் கூட்டத்தில் ஒரு பகுதி அவசரப் பிரிவுக்கே வராது.

இரண்டாவது காரணம் ஆள்பற்றாக்குறை. சிறிய அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணிக்கு ஒரே டாக்டர் இருப்பது அரிதல்ல. விபத்துக்கு வந்தவரையும் வார்டில் மூச்சுத் திணறுபவரையும் விஷம் குடித்து வந்தவரையும் அவர்தான் பார்க்க வேண்டும். விபத்துப் பதிவேட்டில் எழுதுவதும் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதும் அவர் வேலையே. அவசர மருத்துவத்தை இந்திய மருத்துவக் கவுன்சில் தனிப் பட்டமேற்படிப்பாக அங்கீகரித்ததே 2009இல்தான். அந்தத் துறையில் பயின்றவர்கள் பெருநகரங்களில் மட்டும் தங்காமல் தாலுகா மருத்துவமனைகள் வரை வந்துசேர இன்னும் காலம் ஆகும்.

மூன்றாவது காரணம்தான் வெளியிலிருப்பவர்களின் கண்ணில் படாதது. மடை அடைபட்ட கண்மாயில் வரத்து நிற்காவிட்டால் தண்ணீர் கரையைத் தொடும். அவசரப் பிரிவின் நிலையும் அப்படித்தான். முதலுதவி முடிந்த நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ வார்டிலோ படுக்கை கிடைக்காவிட்டால், அவர் அவசரப் பிரிவின் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். அடுத்து வருபவருக்கு ஸ்ட்ரெச்சர் இருக்காது. ஆம்புலன்ஸால் அதன் ஸ்ட்ரெச்சரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. இப்படி, மாடியில் இருக்கும் வார்டில் காலையில் டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர் மாலை வரை போகாமல் இருந்தால், கீழே வாசலில் காத்திருப்பு நீள்கிறது. அவசரப் பிரிவுக்கு மட்டும் புதுக் கட்டடம் கட்டினால் கூட்டம் குறையாது என்பதற்குக் காரணம் இதுவே. வார்டின் மடையைத் திறக்க வேண்டும்.

இந்த அடைப்பின் விலை என்ன என்பதற்கு இங்கிலாந்தில் சான்று இருக்கிறது. அந்நாட்டு அரசு மருத்துவ சேவை, அவசரப் பிரிவுக்கு வந்தவர் நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்கோ வார்டுக்கோ போய்விட வேண்டும் என்று 2004 முதல் இலக்கு வைத்தது. நூற்றுக்கு 98 பேர் என்றிருந்த அளவு 2010இல் 95 ஆகக் குறைக்கப்பட்டது. 2015க்குப் பிறகு அதையும் எட்ட முடியவில்லை. வந்ததிலிருந்து வார்டில் அனுமதி பெற 6 முதல் 8 மணி நேரம் ஆன ஒவ்வொரு 82 நோயாளிகளுக்கும் கூடுதலாக ஒரு மரணம் நேர்கிறது என்று அங்கே செய்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. படுக்கைக்குக் காத்திருப்பது வெறும் அசௌகரியம் இல்லை. அதனால் உயிர் போகிறது.

எந்த நோய்க்கு எவ்வளவு நேரம்?

எந்த நோயில் முதலில் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்காமல் போக வேண்டும் என்பது பள்ளத்தாக்கில் வாழும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மாரடைப்பு: ரத்தக்குழாய் முழுதும் அடைபட்ட மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி என்றால் மருத்துவமனைக்கு வந்த 30 நிமிடத்துக்குள் போட வேண்டும்; ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறக்க வேண்டும். கம்பத்திலிருந்து ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்குப் போவதிலேயே அந்த நேரம் கரைந்துவிடும். அதனால் முதலில் பக்கத்து மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து, கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு மேல்சிகிச்சைக்கு அனுப்புவதே முறை. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகள் முதல் மருந்தாகத் தரப்படுகின்றன. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாடின் எட்டு. காத்திருப்பு நேரத்தையே சிகிச்சை நேரமாக மாற்றும் ஏற்பாடு இது. நெஞ்சு இறுக்கத்தை வாயு என்று எண்ணி விடியும் வரை வீட்டிலேயே பொறுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டும் எந்தத் திட்டத்தாலும் மீட்க முடியாது.

பக்கவாதம்: முகம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சு குழறுதல் இதன் அடையாளங்கள். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பதைச் சி.டி. ஸ்கேன் பார்த்தே சொல்ல முடியும். அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் கரைக்கும் மருந்து போட வேண்டும். சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்கேன் இல்லாத மருத்துவமனையில் நிற்பதால் இந்த நோயாளிக்குப் பயன் குறைவு. மூச்சும் ரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால் ஸ்கேன் உள்ள இடத்துக்கு நேராகப் போவதே நல்லது. கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரம் எது என்பதை உறவினர் சரியாகச் சொல்ல வேண்டும். மருந்து போடலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தே முடிவாகும்.

பாம்புக்கடி: இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2000 முதல் 2019 வரையான மரணங்களை ஆராய்ந்தவர்கள் கணித்தனர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஒரே மருந்து அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது வைக்கப்படுகிறது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சைக் கண்டுபிடிக்க உதவும் எளிய சோதனை. ரத்தம் உறையாவிட்டால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். எனவே பாம்பு கடித்தவரைத் தேனிக்கோ மதுரைக்கோ கொண்டு ஓடக் கூடாது. நஞ்சுமுறி மருந்து இருக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனைதான் முதல் இடம். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கொண்டுவந்தால் போதும். பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்திருக்கிறது. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்ற கணக்கு கைக்கு வந்தால், எந்த ஊரில் எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பூச்சிமருந்து: திராட்சைத் தோட்டமும் வாழைத் தோட்டமும் நிறைந்த ஊர்களில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மருந்தடிக்கும்போது உடலில் ஏறியதானாலும் மனமுடைந்து குடித்ததானாலும் வாயில் விரல்விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நனைந்த துணியைக் கழற்றி, உடலைக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர் தேடும் நேரமும் காத்திருப்புதான்.

சாலை விபத்து: 2022இல் தமிழ்நாட்டில் 17,884 பேர் சாலை விபத்தில் இறந்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் சபரிமலையிலிருந்து ஆண்டிபட்டிக்குத் திரும்பிய பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தது பள்ளத்தாக்கு மறக்காத துயரம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே அதற்கு வரையறை தந்திருக்கிறது. ரத்தப்போக்கை அழுத்திப் பிடித்து நிறுத்துவது, மூச்சுவழியைத் திறந்து வைப்பது, கழுத்தை அசைக்காமல் தூக்குவது ஆகிய மூன்றும் அந்த மணி நேரத்தில் சாலையோரத்திலேயே செய்ய வேண்டியவை.

ரெஃபர் செய்வதில் உள்ள நேரம்

எல்லா ஊரிலும் எல்லா வசதியும் இருக்க முடியாது. மேல்சிகிச்சைக்கு அனுப்புவது தவறில்லை; அனுப்பும் விதம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. நோயாளி கிளம்புவதற்கு முன்பே போன் போட்டுப் பெரிய மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டால், அவர் போய்ச் சேரும்போது ரத்தமும் ஸ்கேன் அறையும் அறுவை மருத்துவரும் தயாராக இருக்கலாம். எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று சீட்டில் எழுதியிருந்தால், அங்கே போய் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை. வெறும் கையோடு அனுப்பப்படும் நோயாளிக்கு, ஐம்பது கிலோமீட்டர் கடந்த பிறகும் சிகிச்சை புதிதாகத்தான் தொடங்குகிறது.

2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ இந்த ரெஃபர் சங்கிலியின் வலுவையும் பலவீனத்தையும் காட்டியது. மலையேற வந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். இருட்டிய மலையில் முதலில் உதவிக்கு ஏறியவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தனர். பாதையில்லாத சரிவிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கவே நெடுநேரம் ஆனது. போடி அரசு மருத்துவமனை, க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை என்று காயமுற்றோர் அடுத்தடுத்துக் கொண்டுசெல்லப்பட்டனர். 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரே இரவில் பலர் தீக்காயத்தோடு வரும்போது யாரை எங்கே அனுப்புவது என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு ஒத்திகை பார்த்திருக்க வேண்டும் என்பதே அந்த இரவு விட்டுச்சென்ற பாடம்.

சட்டம் சொல்வது

அவசர சிகிச்சை பெறுவது யாரும் போடும் பிச்சையன்று, அது உரிமை. விபத்தில் அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் நடைமுறை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களையும் அது கட்டுப்படுத்தும். 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற கூலித் தொழிலாளியைப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தர மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று கூறி, அவருக்கு 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பணமில்லை என்பது சாக்காகாது என்றும் சொன்னது.

காசுக்காகச் சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது என்பதற்கும் ஏற்பாடுகள் உண்டு. ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், பதிவு பெற்ற அரசு, தனியார் மருத்துவமனையில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். ஒன்றிய அரசும் 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு ஏழு நாள் வரை, அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சையை உறுதி செய்திருக்கிறது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைப் போலீஸ் விசாரணையில் சிக்கவைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவில் இருக்கிறது. சாலையில் கிடப்பவரைக் கண்டும் ‘கேஸாகிவிடும்’ என்று ஒதுங்கிப் போகத் தேவையில்லை.

நோயாளிக்கு உரிமை இருப்பதுபோல் பணியாளருக்கும் பாதுகாப்பு உண்டு. மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவோரையும் உடைமைகளைச் சேதப்படுத்துவோரையும் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. இரவில் ஒற்றை ஆளாக நிற்கும் டூட்டி டாக்டரைக் கைநீட்டி அடித்தால், அன்றிரவு வரவிருக்கும் எல்லா நோயாளிகளின் காத்திருப்பும் நீளும்.

செய்ய வேண்டியவை

அரசு செய்ய வேண்டியது முதலில் நேரத்தை எழுதிவைப்பது. நோய் தொடங்கிய நேரம், ஆம்புலன்ஸ் வந்த நேரம், முதல் மருத்துவமனையில் முதல் மருந்து கொடுத்த நேரம், வார்டில் படுக்கை கிடைத்த நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு சிவப்பு நிற நோயாளிக்கும் குறித்து, மாதந்தோறும் மாவட்ட மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எந்தக் கட்டத்தில் நேரம் போகிறது என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்வது என்பதும் தெரியும். இரண்டாவதாக, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி மருத்துவமனைகளில் இரவும் பகலும் ஈ.சி.ஜி., கரைக்கும் ஊசி, நஞ்சுமுறி மருந்து, அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற டாக்டர் ஆகியவை இருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் தென்முனையில் சிகிச்சை வலுப்பெறாமல் க.விலக்கில் கூட்டம் குறையாது. மூன்றாவதாக, ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு நோயாளியை மாற்றத் தனி வண்டிகள் வேண்டும். நான்காவதாக, மாலை நேர ஓ.பி.யைத் தோட்டத் தொழிலாளர் திரும்பும் நேரம் வரை நீட்டிக்க வேண்டும். மலைக்கிராமங்களுக்குச் சாலை போடுவதும் சுகாதாரத் துறையின் வேலையாகவே கருதப்பட வேண்டும்.

மக்கள் கையிலும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. உறவினருக்குப் போன் போட்டு யோசனை கேட்பதற்கு முன்பு 108க்குப் போன் போடுங்கள். ஊர்ப்பெயரோடு ஒரு கோயிலையோ பள்ளியையோ அடையாளமாகச் சொல்லுங்கள். நோயாளி சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் ஆதார், காப்பீட்டு அட்டைகளையும் ஒரே பையில் வைத்திருங்கள். ஆனால் அவை இல்லை என்பதற்காக ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே போங்கள். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் தயங்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். அவசரமில்லாத நோய்க்குப் பகலிலேயே ஓ.பி.க்குப் போங்கள், சந்தேகம் இருந்தால் 104க்குப் பேசி யோசனை கேளுங்கள்.

அவசர சிகிச்சையில் வீணாகும் நேரம் ஒரே இடத்தில் வீணாவதில்லை. வயல், வீடு, சாலை, சிறிய மருத்துவமனை, பெரிய மருத்துவமனை, வார்டு என்று எல்லா இடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. ஆகவே அதை மீட்பதும் எல்லா இடத்திலும் நடக்க வேண்டும். முதல் சிகிச்சையை நோயாளி விழுந்த இடத்துக்கு அருகிலேயே தொடங்க வைப்பதுதான் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஏற்ற வழி.